கடலின் வடிவங்களில் கைவேலை வெள்ளி: தர்மபுரிப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பட்டறை தர்மபுரியில் இருக்கிறது. சங்கு, சிப்பி, அலை, மீன், அடும்பங்கொடி என்று கடற்கரையில் கண்ணில் படுகிற வடிவங்களை வெள்ளியில் கையால் செய்கிறோம். நேரில் வருகிறவர்களும் போனில் பேசுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிற விஷயங்கள் அவை.

தர்மபுரியில் கடலே கிடையாதே, கடல் நகை எப்படி?

இதுதான் எப்போதும் முதல் கேள்வி. சாலை வழியாகப் போனால் எந்தக் கடற்கரையும் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல்தான். ஆனால் இந்த மாவட்டத்தின் இரண்டு பெரிய ஆறுகளும் கடலுக்குத்தான் போகின்றன. ஒகேனக்கல்லில் விழுகிற காவிரி மேட்டூர், திருச்சி எல்லாம் தாண்டிப் பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. கிருஷ்ணகிரி அணையில் தேங்கி, இருமத்தூர் வழியாக ஓடுகிற தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் போய்ச் சேர்கிறது.

சின்ன வயதில் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவோம். ஆடியில் காவிரி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள் என்று சொல்லி, அம்மா காதோலையும் கருகமணியும் ஆற்றில் விடுவார். பனையோலைச் சுருள் தண்ணீரில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணுக்கு மறையும். "இது எங்கேப்பா போகும்?" என்று கேட்டால், "பூம்புகாருக்கு" என்பார் அப்பா. நடுவில் மேட்டூர் அணை இருப்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அந்த ஓலைச் சுருள் கடலில் மிதப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

19 வயதில்தான் முதல்முறையாகப் பூம்புகார் போனேன். இங்கே பாறையைப் பிளந்துகொண்டு விழுகிற ஆறு, அங்கே ஒரு வாய்க்கால் அளவுக்கு இளைத்துப்போய்க் கடலுக்குள் நுழைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்த கிளிஞ்சல்கள் இன்னும் என் வேலை மேசையில் இருக்கின்றன. முதலில் செய்த காதணி அந்த ஓலைச் சுருள்தான்.

சரி, இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலை இந்த ஊருக்கு நாங்கள் ஒன்றும் புதிதாகக் கொண்டுவரவில்லை. உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிச் சங்கு இருக்கும். நெளி மோதிரம் இருக்கும். மீன் போட்ட மெட்டி, முத்துக் கொலுசு இருக்கும். கடலை ஒருமுறைகூடப் பார்க்காத பாட்டிகள் அதையெல்லாம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அந்த வடிவங்களைக் கவனமாகப் பார்த்து, மறுபடியும் கையால் செய்வதுதான் எங்கள் வேலை.

என்னென்ன வடிவங்கள் செய்கிறீர்கள்?

அதிகம் போவது நெளிதான். நெளி என்பது பழைய வடிவம், யார் கண்டுபிடித்தது என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. நாங்கள் செய்கிற ஒரே மாற்றம், வளைவுகளை ஒரே அளவாக வைக்காமல் விடுவது. கடற்கரையில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு அலைகள் ஒரே உயரத்தில் வருவதில்லை. கம்பியைக் குறட்டால் வளைக்கும்போது கையும் அப்படித்தான் போகிறது, அதைத் திருத்தாமல் விட்டுவிடுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடும்பு. மணல்மேல் படர்ந்து ஊதா நிறத்தில் பூக்கிற கொடி. இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பு மாதிரி இருக்கும், அதனால் ஆட்டுக்கால் அடம்பு என்றும் சொல்வார்கள். கடற்கரை மணல் காற்றில் ஓடிவிடாமல் பிடித்துவைக்கிற கொடி அது. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் அதை மறக்காமல் பாடியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த இலையைக் காட்டினால் உடனே பிடித்துவிடுகிறது. தகட்டில் இலையை வெட்டி, அரக்குக் கட்டையில் பதித்து, நரம்பு ஒவ்வொன்றையும் சிற்றுளியால் தட்டி எடுக்க வேண்டும். ஒரு ஜோடி காதணிக்கு ஒரு முழு நாள் ஆகும்.

புன்னைப் பூ, தாழை மடல், மீன் முள், நண்டுக் கால், கட்டுமரம் எல்லாம் உண்டு. சங்குத் தொங்கலும் கேட்பார்கள். அதில் ஒரு சின்னச் சிக்கல்: கடலில் கிடைக்கிற சங்குகளில் பெரும்பாலானவை இடம்புரி, வலம்புரி அபூர்வம். அச்சில் குடையும்போது வடிவம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறிவிடும். இடம்புரியைப் பார்த்து அப்படியே குடைந்தால் வார்ப்பில் வலம்புரியாக வரும். எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப அச்சைத் திருப்பிக் குடைவோம்.

கணவாய் ஓட்டில் வார்க்கிறீர்கள் என்றார்களே, அது என்ன?

கணவாய் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தொப்பூர் மலைப்பாதைதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது கடலில் இருக்கிற கணவாய். அதன் உடம்புக்குள் வெள்ளையாக, தட்டையாக, நீள்வட்டத்தில் ஓர் ஓடு இருக்கும். நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், அதேதான். கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்கள் கூண்டில் தொங்கவிடுவதும் அதுதான். இறந்த கணவாயின் ஓடு கரையில் தானாக ஒதுங்கும். நாங்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் போகும்போது பொறுக்கிக்கொண்டு வருவோம்.

அதன் ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் நகம் பட்டாலே குழி விழுகிற அளவுக்கு மென்மை. இரண்டு ஓடுகளை எடுத்து, மென்மையான பக்கங்களை ஒன்றோடொன்று தேய்த்துச் சமமாக்குவோம். இடைவெளி இல்லாமல் பொருந்தியதும் ஒன்றில் வடிவத்தைக் குடைவோம், அல்லது கிளிஞ்சலை வைத்து அழுத்தி எடுப்போம். மேலே ஊற்றுவாய், பக்கத்தில் காற்றுப் போகச் சின்னக் கீறல்கள். பிறகு இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, மணலில் நிமிர்த்தி வைத்து, மூசையில் உருக்கிய வெள்ளியை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். கை தயங்கினால் பாதியில் உறைந்துவிடும். சுத்த வெள்ளி 961 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பு கலந்த 925 வெள்ளி (1000-க்கு 925 பங்கு வெள்ளி) சுமார் 890 டிகிரியிலேயே முழுவதும் இளகிவிடும், ஆனால் ஊற்றுகிற நேரத்தில் அதைவிட நன்றாகவே சூடாக இருக்க வேண்டும். வெள்ளி உள்ளே போனதும் முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை எழும்பும். முதல்முறை பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

கட்டை அவிழ்த்தால் உள்ளே இருப்பதுதான் எனக்கு இந்த வேலையில் அலுக்காத தருணம். கணவாய் ஓடு மெல்லிய அடுக்கு அடுக்காக வளர்ந்தது. அந்த அடுக்குகளின் வரிகள் வெள்ளியில் அப்படியே பதிந்து வரும். அலை இறங்கிப் போனபின் ஈர மணலில் தெரியுமே வரிகள், அதே மாதிரி. எந்த உளியாலும் அதைச் செதுக்க முடியாது. ஓடு கருகிவிடுவதால் ஓர் ஓட்டில் ஒரு முறைதான் வார்க்க முடியும். அதனால்தான் "போட்டோவில் இருக்கிற அதே தொங்கல் வேண்டும்" என்று கேட்பவர்களிடம், அதே வடிவம் வரும், அதே வரி வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நிஜமான சிப்பி, பவளம், கடல்குதிரையை வைத்துச் செய்து தருவீர்களா?

பவளப்பாறைத் துண்டும் கடல்குதிரையும் எவ்வளவு கொடுத்தாலும் வைக்க மாட்டோம். கடல்குதிரைகளும் நம் கடலின் பவளப்பாறைகளும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. எடுப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். யாரோ சுற்றுலா போன இடத்தில் வாங்கி வந்த காய்ந்த கடல்குதிரையைக் கொண்டுவந்து, "இதற்கு வெள்ளிப் பூண் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. அங்கே உயிரோடு இருக்க வேண்டியது நம் கழுத்தில் தொங்க வேண்டாம். அதே வடிவத்தை வெள்ளியில் அழகாகச் செய்து தருகிறோம்.

கரையில் ஒதுங்கிய சாதாரணக் கிளிஞ்சலை நீங்களே கொண்டுவந்தால், அதை அச்சுப் பதிக்கப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். சங்கு, சிப்பி இனங்களிலும் சில பாதுகாக்கப்பட்டவை. பெரிதாகவோ வினோதமாகவோ இருந்தால் வாங்க மாட்டோம்.

முத்து வைப்போம். ஆனால் "தூத்துக்குடி முத்தா?" என்று கேட்டால், இல்லை. கொற்கைக் காலத்திலிருந்து பேர்போன அந்த முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. இன்று "கடலில் மூழ்கி எடுத்த தூத்துக்குடி முத்து" என்று புதிதாக யாராவது விற்றால் நம்ப வேண்டாம். நாங்கள் வைப்பது நன்னீரில் வளர்த்த முத்து, பில்லிலும் அப்படியே எழுதுவோம்.

இது சுத்த வெள்ளியா?

100-க்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி 7.5 பங்கு செம்பு. சுத்த வெள்ளி மிகவும் இளகியது, அதில் மோதிரம் செய்தால் பை தூக்கும்போதே வளைந்துவிடும். செம்பு கலந்தால்தான் உறுதி வரும். நகைக்கடைக்காரர்கள் இதை டச் கணக்கில் சொல்வார்கள். 92 டச், 80 டச், 65 டச் என்றால் நூற்றுக்கு அத்தனை பங்கு வெள்ளி என்று பொருள்.

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுவேன், காரணம் இருக்கிறது. அப்பா இறந்தபின் ஒரு கஷ்டமான நேரத்தில் அம்மாவின் கொலுசை விற்கப் போனோம். வெளியூர்க் கடை ஒன்றில், சுத்த வெள்ளி என்று நம்பி, சுத்த வெள்ளி விலைக்கு வாங்கியது. உருக்கிப் பார்த்தபோது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வெள்ளி இருந்தது. எடைக்கு எடை பணம் கொடுத்து அம்மா செம்பும் பற்றவைக்கிற பொடியும் வாங்கியிருக்கிறார். குறைந்த டச்சில் நகை செய்வது தப்பே இல்லை, அதற்கும் ஒரு தேவை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

அதனால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) ஹால்மார்க் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் எழுத்தும் எண்ணுமாக 6 குறிகள் கொண்ட எச்.யூ.ஐ.டி. என்கிற தனி அடையாள எண் போடத் தொடங்கியிருக்கிறார்கள். தங்கத்தைப் போல இது கட்டாயமாக்கப்படவில்லை, விரும்பினால் போட்டுக்கொள்ளலாம். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நகையின் விவரம் வரும். கனமான நகைகளை நாங்கள் சேலத்துக்கு அனுப்பி முத்திரை போட்டு வாங்குகிறோம். மூக்குத்தி போன்ற பொடி நகைகளில் முத்திரை குத்த இடமே இருக்காது, அதற்குப் பில்தான் சாட்சி. பில்லில் டச் எழுதாத இடத்தில் வாங்காதீர்கள், அது எங்கள் பட்டறையாகவே இருந்தாலும்.

விலையை எப்படிப் போடுகிறீர்கள்?

கணக்குக்கு எளிதாக, சுத்த வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் எடையுள்ள தொங்கலில் சுத்த வெள்ளி 18.5 கிராம், அதற்கு 1,850 ரூபாய். செய்கூலி 800 என்றால் மொத்தம் 2,650. அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 79 ரூபாய் 50 காசு. ஆக 2,729 ரூபாய் 50 காசு. உண்மையான வெள்ளி விலை தினமும் மாறும், முன்பணம் கொடுக்கிற நாளின் விலையைப் பில்லில் எழுதிக் கொடுத்துவிடுவோம்.

சேதாரம் என்று தனியாகப் போடுவதில்லை. அரம் போடும்போது விழுகிற தூளை மடித்தோலில் பிடித்து, தரையைக் கூட்டி, மறுபடி உருக்கிவிடுகிறோம். அது எங்களுக்கே திரும்பி வருகிறது, அதற்கு உங்களிடம் ஏன் பணம் வாங்க வேண்டும்? ஆனால் செய்கூலியில் பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மெஷினில் அச்சடித்த கொலுசின் கூலியோடு இதை ஒப்பிட முடியாது. அடும்பு இலைக்கு ஒரு நாள் என்று சொன்னேன் அல்லவா, அந்த நாளின் கூலிதான் அது.

பழைய கொலுசைக் கொடுத்தால் உருக்கிப் புதிதாகச் செய்து தருவீர்களா?

தருவோம், உங்கள் கண் முன்னால் உருக்கித்தான். ஆனால் இதில் பலருக்கு ஏமாற்றம் வரும், அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொண்டுவருவது 100 கிராம், 80 டச் என்று வையுங்கள். அதில் வெள்ளி 80 கிராம். அதை அப்படியே 925 ஆக உயர்த்த வேண்டுமானால் கிட்டத்தட்ட 167 கிராம் சுத்த வெள்ளி சேர்க்க வேண்டும். ஒரு சின்னத் தொங்கலுக்காக அவ்வளவு வெள்ளியை யார் வாங்குவார்கள்? எனவே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழையதைச் சுத்திகரிக்கக் கொடுத்துவிட்டு அதில் தேறுகிற வெள்ளிக்கு ஈடாகப் புதிய 925 எடுத்துக்கொள்வது. 80 கிராம் தேறினால் சுமார் 86 கிராம் நகைக்கு ஆகும், சுத்திகரிப்புக் கூலி தனி. இன்னொன்று, பழைய டச்சிலேயே செய்துகொள்வது. பாட்டியின் தண்டையில் இருந்த வெள்ளியே வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நகையின் உட்பக்கம் டச்சைக் குறித்துக் கொடுப்போம், நாளைக்கு உங்கள் பேத்தி விற்கப் போனால் ஏமாறக் கூடாது.

நகாசு வேலை நன்றாக இருக்கிற பழைய நகை என்றால் உருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கழுவி, பிடிப்பைச் சரிசெய்து போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலைப்பாட்டைத் திரும்பச் செய்கிற கைகள் இன்று குறைவு.

போட்ட ஒரு மாதத்திலேயே கறுத்துவிட்டது. போலி வெள்ளியா?

இல்லை. நிஜ வெள்ளிதான் கறுக்கும். காற்றிலும் வியர்வையிலும் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே கறுப்புப் படலமாக உட்காருகின்றன. முட்டை, வெங்காயம், ரப்பர் பேண்டு, சில தலைச்சாயங்கள், தீபாவளி வெடிப்புகை எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. "உடம்பில் சூடு அதிகம், அதனால் கறுக்கிறது" என்று வீட்டில் சொல்வார்கள். ஒவ்வொருவர் வியர்வையும் ஒவ்வொரு மாதிரி, ஒருவருக்குச் சீக்கிரம் கறுக்கும், ஒருவருக்கு மெதுவாகக் கறுக்கும். அதை நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

கறுக்காமலே இருக்க மேலே ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தால் முலாம் பூசுகிற வழக்கம் உண்டு. நாங்கள் பூசுவதில்லை. முலாம் தேய்ந்தால் இடத்துக்கு இடம் திட்டுத் திட்டாகத் தெரியும். தினமும் போட்டுக்கொள்கிற வெள்ளி உடம்பில் உரசி உரசித் தானாகவே மெருகோடு இருக்கும், பெட்டியில் கிடப்பதுதான் சீக்கிரம் கறுக்கும்.

எப்படிச் சுத்தம் செய்வது?

பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்து, பழைய மென்மையான பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். பட்டறையில் நாங்களும் கடைசி மெருகுக்கு அதைத்தான் வைத்திருக்கிறோம். திருநீற்றைத் துணியில் தொட்டுத் துடைப்பதும் நல்ல வழக்கம், ஆனால் மணல் கலக்காத மென்மையான திருநீறாக இருக்க வேண்டும். டூத் பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும்.

ரொம்பக் கறுத்துவிட்டதா? ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, நகையை அதைத் தொடுகிற மாதிரி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். தேய்ப்பது போல வெள்ளி கொஞ்சமும் குறையாது. ஆனால் மணல்வரி, அடும்பு இலை போன்றவற்றில் பள்ளங்களை நாங்களே வேண்டுமென்று கறுப்பாக்கி வைத்திருப்போம். சோடா அந்தக் கறுப்பையும் எடுத்துவிடும், வரிகள் தெரியாமல் போய்விடும். அந்த நகைகளுக்குப் பூந்திக்கொட்டை மட்டும்தான். முத்து வைத்த நகையைப் புளித்தண்ணீர், எலுமிச்சை, வினிகர் எதிலும் போடாதீர்கள். முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது, புளிப்பு அதை அரித்துவிடும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம்: போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் உப்புப் படிந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கறை என்று நினைத்துப் பலர் திரும்பக் கொண்டுவருகிறார்கள். கடைசியாக ஒருமுறை ஒகேனக்கல் குடிநீரிலோ மழைத்தண்ணீரிலோ அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். எடுத்துவைக்கும்போது ஜிப் கவரில் ஒரு சாக்பீஸ் துண்டோடு போடுங்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

கடல் நகைதானே, கடலில் குளிக்கும்போது போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். உப்புத்தண்ணீர் வெள்ளியை மங்கச் செய்யும், செம்பையும் அரிக்கும், சங்கிலிக் கண்ணிகளுக்குள் உப்பு காய்ந்து உட்கார்ந்துகொள்ளும். நீச்சல் குளத்துக் குளோரினும் அப்படியே. இதைவிடப் பெரிய கவலை, தண்ணீரின் குளிர்ச்சியில் விரல் சுருங்கி மோதிரம் கழன்றுவிடும். ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவிக்குப் போகிறவர்கள் மோதிரத்தையும் மெட்டியையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே தொலைத்துவிட்டு ஜோடிக்கு இன்னொன்று கேட்டு வந்தவர்கள் பலர்.

எனக்குக் கவரிங் போட்டால் காது புண்ணாகிவிடும். இது ஒத்துக்கொள்ளுமா?

கவரிங் நகையில் பெரும்பாலும் தொந்தரவு செய்வது நிக்கல். எங்கள் கலவையில் நிக்கல் கிடையாது. பற்றவைக்கிற பொடியில் காட்மியமும் சேர்ப்பதில்லை. ஒரு காலத்தில் தங்கத்துக்கு கே.டி.எம். என்று பெருமையாகச் சொன்னார்களே, அது காட்மியம் போட்டுப் பற்றவைத்தது. போடுகிறவரைவிட, ஊதுகுழலோடு அடுப்பின்மேல் குனிந்து அந்தப் புகையை மூச்சில் வாங்குகிற தொழிலாளிக்குத்தான் அது விஷம். என் அப்பா தலைமுறையில் இருமலோடு ஒடுங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பட்டறையில் ஜன்னல் பெரிது, அடுப்புக்கு மேலே புகைபோக்கி விசிறி இருக்கிறது.

செம்பே ஒத்துக்கொள்ளாதவர்கள் மிகச் சிலர் உண்டு. அவர்களுக்குக் காதில் நுழைகிற கம்பியை மட்டும் சுத்த வெள்ளியில் செய்து தருகிறோம். கொஞ்சம் வளையும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்குப் பால் சங்கு செய்வீர்களா?

செய்வோம். நான் மிகவும் ஆசையாகச் செய்வது அதுதான். பாலாடை என்றும் சொல்வார்கள். ஒரே தகட்டை மரக்கட்டையில் வைத்துத் தட்டித் தட்டிக் குழியாக்கி, மூக்கை இழுத்து எடுப்போம். எங்கும் பற்றவைப்பு இருக்காது, கறுப்புச் சாயம், முலாம் எதுவும் இருக்காது. தட்டத் தட்ட வெள்ளி இறுகிவிடும், அப்படியே தொடர்ந்தால் விரிசல் விடும். அதனால் நடுவில் பலமுறை தணலில் காட்டி இளக்கிக்கொள்ள வேண்டும். விளிம்பை மட்டும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, கொஞ்சம்கூட உரசாத வரை மெருகு போடுவேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில்கூடப் பாலாடையால் பால் புகட்டுவது உண்டு. வெள்ளி என்பதால் கிருமி அண்டாது என்று நம்பிச் சும்மா கழுவி வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். எவ்வளவு தருவது, எப்படிப் புகட்டுவது என்பதை டாக்டரிடமோ நர்ஸ் அக்காவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்தில் இருக்கிறேன், அளவு எப்படிக் கொடுப்பது?

மோதிரத்துக்கு நூலைச் சுற்றி அளக்காதீர்கள், நூல் இழுபடும். காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டிச் சுற்றி, சேருகிற இடத்தில் பேனாவால் குறித்து, நீளத்தை மில்லிமீட்டரில் அனுப்புங்கள். சாயங்காலம் அளக்க வேண்டும், காலையில் விரல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். விரல் முட்டி பருத்தவர்கள் முட்டியையும் சேர்த்து அளந்து சொல்லுங்கள். கொலுசுக்கு உங்களிடம் இருக்கிற பழைய கொலுசைத் தரையில் நீட்டி வைத்து, திருகோடு சேர்த்து எத்தனை இஞ்ச் என்று பாருங்கள். மெட்டிக்கு அளவு தேவையில்லை, வாய் திறந்த மெட்டிதான், விரலுக்கேற்ப அழுத்திக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு வெள்ளியைக் கழுத்தில் போடலாமா? பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்களா?

தங்கம் இடுப்புக்கு மேலே, வெள்ளி காலுக்கு என்பது நம் பக்கத்து வழக்கம். அதை மீறச் சொல்லி நான் யாரிடமும் வாதாடுவதில்லை. முகூர்த்தத்துக்குத் தங்கம், வரவேற்புக்கு வெள்ளி என்று பல பெண்கள் வைத்துக்கொள்கிறார்கள், அதில் பெரியவர்களும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

எத்தனை நாளில் கிடைக்கும்?

நெளி மோதிரம் 4 நாள். வார்ப்புத் தொங்கல் ஒரு வாரம். அடும்பு வேலைக்கு 2 வாரம் வரை ஆகும். ஆடி 18-க்கு முன்னாலும் தை மாதத்திலும் இன்னும் தள்ளிப்போகும். அவசரம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

அறுந்துவிட்டால், வளைந்துவிட்டால் சரிசெய்து தருவீர்களா?

எங்களிடம் வாங்கியது என்றால் பற்றவைப்பதற்குக் கூலி வாங்குவதில்லை. வேறு எங்கே வாங்கியதாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், என்ன டச் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கோந்து போட்டு ஒட்டிப் பார்க்காதீர்கள், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் வெள்ளியே தேய்ந்துவிடும். அறுந்த கண்ணியையும் கழன்ற திருகையும் ஒரு காகிதத்தில் மடித்து, நகையோடு சேர்த்தே எடுத்து வாருங்கள்.